பாதை மூடியிருந்த மாதங்களை எப்படிக் கணக்கில் எடுப்பது?

கேள்வி: நான் கிளிநொச்சியில் பொருளியல் கற்பிக்கும் ஆசிரியை. முதுமாணிப் பட்டத்துக்காக, கிளிநொச்சிச் சந்தையின் அரிசிச் சில்லறை விலைக்கும் கொழும்பு புறக்கோட்டை மொத்த விலைக்கும் இடையில் நீண்டகால உறவு உண்டா என்று ஆராய்கிறேன். 1998 ஜனவரி முதல் 2019 டிசம்பர் வரையான மாத விலைகள் கையில் இருக்கின்றன. இரு தொடர்கள் நீண்டகாலத்தில் சேர்ந்து நகர்கின்றனவா என்று பார்க்கும் ஏங்கல்–கிரேஞ்சர் சோதனையில் −2.71 வந்தது; அது எல்லையான −3.34 ஐத் தாண்டவில்லை, அதாவது உறவு இல்லை. கட்டமைப்பு முறிவு இருந்தால், அதாவது உறவு இடையில் ஒரு கட்டத்தில் மாறியிருந்தால், அப்படி வரக்கூடும் என்று வாசித்ததால், முறிவுக்கு முன் 0, பின் 1 என்று வரும் ஒரு போலி மாறியைச் சேர்த்து அதை ஒவ்வொரு மாதமாக நகர்த்திப் பார்த்தேன். 2008 செப்ரெம்பரில் வைத்தபோது −4.12 கிடைத்தது. அது −3.34 ஐத் தாண்டுவதால், உறவு உண்டு, முறிவு 2008 செப்ரெம்பர் என்று எழுதினேன். ஒப்பிட்ட எண் பிழை என்று மேற்பார்வையாளர் திருப்பிவிட்டார். 2006 ஓகஸ்டில் ஏ9 (கண்டி–யாழ்ப்பாண நெடுஞ்சாலை) மூடப்பட்டதையே முறிவாக வைத்துவிடலாமா? தொடரை 2023 வரை நீட்டினால் முடிவு வலுப்பெறுமா? அட்டவணையை இணைத்துள்ளேன்.

பதில்: அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் மேற்பார்வையாளர் சொல்வது சரி. ஆனால் அவர் சுட்டியதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று நீங்கள் அனுப்பிய அட்டவணைக்குள் இருக்கிறது. சிறியதை முதலில் முடித்துவிடுகிறேன்.

−3.34 என்பது, இரண்டு மாறிகளும் ஒரு மாறிலியும் கொண்ட, முறிவு எதுவும் சேர்க்கப்படாத ஒரேயொரு சமன்பாட்டின் எச்சத்தை (சமன்பாடு விளக்காமல் விடும் பகுதியை) சோதிப்பதற்குரிய 5 சதவீத மாறுநிலைப் பெறுமானம், அதாவது தாண்ட வேண்டிய எல்லை. நீங்களோ 264 மாதங்களில் இரு முனைகளிலும் 15 சதவீதத்தை விட்டுவிட்டு, நடுவிலுள்ள ஏறக்குறைய 185 மாதங்கள் ஒவ்வொன்றிலும் முறிவை வைத்து, வந்த எண்களில் ஆகத் தாழ்ந்ததைப் பொறுக்கி எடுத்திருக்கிறீர்கள். ஒன்றோடொன்று எந்தச் சம்பந்தமும் இல்லாத இரண்டு தொடர்களைக் கொடுத்தாலும், அத்தனை தடவை தேடினால் ஏதாவது ஒரு மாதத்தில் −3.34 ஐத் தாண்டும் எண் அகப்படுவது அரிதன்று. இந்தத் தேடலுக்கும் சேர்த்துத்தான் கிரெகரியும் ஹான்சனும் 1996 இல் தனி எல்லைகளைக் கணித்துக் கொடுத்தார்கள். உங்களைப் போல ஒரேயொரு விளக்க மாறி இருக்கும்போது, மட்டம் (சமன்பாட்டின் மாறிலி) மட்டும் மாறும் மாதிரிக்கு 5 சதவீத எல்லை −4.61; காலப்போக்கும் சேர்ந்தால் −4.99, சாய்வும் மாறினால் −4.95. உங்கள் −4.12, முதலாவது மாதிரியின் 10 சதவீத எல்லையான −4.34 ஐக்கூட எட்டவில்லை. எனவே அந்தச் சோதனையின்படி உறவு நிறுவப்படவில்லை.

இனி அட்டவணை. கிளிநொச்சி நிரலில் 2008 செப்ரெம்பரிலிருந்து 2010 யூன் வரையுள்ள 22 மாதங்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஒவ்வொரு மாதமும் விலை சரியாக 45 சதத்தால் ஏறுகிறது. ஒரு மாதம்கூட இறங்கவில்லை, ஒரு மாதம்கூட 46 சதம் ஏறவில்லை. அறுவடை மாதம், விதைப்பு மாதம் என்ற வேறுபாடே அங்கு இல்லை. இப்படி நடக்கும் அரிசி விலை உலகத்தில் எந்தச் சந்தையிலும் கிடையாது. உங்களுக்குக் கோப்பைத் தந்தவரோ அதற்கு முன் அதைத் தொகுத்தவரோ, விலை கிடைக்காத மாதங்களுக்கு இரு முனைகளையும் நேர்கோட்டால் இணைத்து நிரப்பியிருக்கிறார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. வெற்றுக் கட்டம் இருந்தால் பல மென்பொருள்கள் கணக்கை ஏற்காது என்பதால் நிரப்பியிருப்பார். ஆனால் அந்த மாதங்களில் நடந்தது உங்களுக்குத் தெரியாததா? 2008 இன் பிற்பகுதியில் கிளிநொச்சி நகரமே இடம்பெயர்ந்தது. 2009 ஜனவரி 2 ஆம் திகதி இராணுவம் உள்ளே வந்தபோது விற்பதற்கும் வாங்குவதற்கும் அங்கு ஆள் இல்லை. சந்தை இல்லாத இடத்தில் சந்தை விலையும் இல்லை. உங்கள் 185 தேடல்களும் கடைசியில் போய் நின்ற இடம், யாரோ ஒருவர் கோடு போட்டு நிரப்பத் தொடங்கிய அதே மாதம்.

நேர்கோட்டு நிரப்பல் இன்னொரு தீங்கும் செய்கிறது. அந்த 22 மாதங்களிலும் கிளிநொச்சி விலையில் எழுந்தமான அதிர்ச்சியே இல்லை. புறக்கோட்டை விலையில் உண்டு. ஆகவே எச்சத்தின் மாறல் அங்கு ஒரு மாதிரியும் மற்ற இடங்களில் வேறு மாதிரியும் இருக்கும். தாமதங்களின் (சமன்பாட்டில் சேர்க்கும் முந்திய மாதங்களின்) எண்ணிக்கையைத் தெரிவுசெய்யும் அளவுகோல்களும் குழம்பிப்போகும். நிரப்பிய மாதங்களை அழித்துவிடுங்கள். ஆய்வேட்டில் அவற்றை இடைவெளியாகவே காட்டுங்கள். ஏன் இடைவெளி என்பதை ஒரு பந்தியில் எழுதுங்கள். எங்கள் பகுதித் தரவை வைத்து ஆய்வு செய்பவர்கள் இடைவெளியைக் கண்டு வெட்கப்படத் தேவையில்லை.

நீண்டகால உறவு என்று நாம் எதைச் சொல்கிறோம் என்பதையும் சந்தையிலிருந்தே யோசித்துப் பாருங்கள். இரு விலைகளும் தனித்தனியே அலைந்து திரியலாம். எங்கும் திரும்பிவரத் தேவையில்லை. ஆனால் கிளிநொச்சி விலை புறக்கோட்டை விலையிலிருந்து லொறிக் கூலிக்கும் இலாபத்துக்கும் மேலாக விலகினால், யாரோ ஒரு வியாபாரி அதைக் கண்டு மூடைகளை ஏற்றுவார் அல்லது ஏற்றாமல் விடுவார், விலகல் சுருங்கும். 1987 இல் ஏங்கலும் கிரேஞ்சரும் வரையறுத்த கூட்டு ஒருங்கிணைவு இந்தச் சுருங்கலைத்தான் எச்சத்தில் தேடுகிறது. இந்தச் சுருங்கல் இல்லாதபோதும் பிற்செலவுச் சமன்பாடு (regression) அழகான எண்களைத் தரும் என்பதை கிரேஞ்சரும் நியூபோல்டும் 1974 இலேயே காட்டிவிட்டார்கள். ஆகவே லொறி ஓடாத காலத்தில் உறவின் மட்டம் மாறியதா, சாய்வு மாறியதா என்று கேட்பதே பொருந்தாத கேள்வி. அங்கே உறவைக் காக்கும் பொறிமுறையே நின்றுபோயிருக்கிறது. போலி மாறி ஒன்றைச் சேர்ப்பதால் அது திரும்பி வந்துவிடாது.

அடுத்து, 2006 ஓகஸ்ட். அந்த மாதம் 11 ஆம் திகதி ஏ9 மூடப்பட்டது என்று எல்லோரும் எழுதுகிறோம். ஆனால் எந்த வாசல் மூடப்பட்டது என்று பார்த்தீர்களா? அன்று அடைபட்டது முகமாலை. அது கிளிநொச்சிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையிலுள்ள வாசல். கிளிநொச்சிக்கும் கொழும்புக்கும் இடையில் நிற்பது ஓமந்தை. அது அதன் பின்னரும் கட்டுப்பாடுகளோடு, விட்டு விட்டு இயங்கியது. யாழ்ப்பாண விலையையும் கொழும்பு விலையையும் ஒப்பிடும் ஒருவருக்கு 2006 ஓகஸ்ட் முழு அடைப்பு. உங்களுக்கு அது வேறு வகையான நிகழ்வு: கொழும்புப் பக்க வரத்து நெருக்கடிக்குள்ளானது, அதேவேளை வன்னி நெல் வடக்கே யாழ்ப்பாணத்துக்குப் போகும் வழி முற்றாக அடைபட்டது. வெளியே போக வழியில்லாத நெல் உள்ளூர் விலையைக் கீழே தள்ளும். உள்ளே வர வழியில்லாத மண்ணெண்ணெய் மேலே தள்ளும். ஒரே அடைப்பு இரண்டு பொருட்களுக்கு இரண்டு திசையில் வேலை செய்யும் என்பதால், அரிசியில் முறிவின் குறி எதுவாக இருக்க வேண்டும் என்று மதிப்பிடுவதற்கு முன்பே எழுதி வையுங்கள். குறி மாறி வந்தால் அதுவே ஆராய வேண்டிய விடயமாகும்.

சமாதான காலத்துக்கும் இதே கவனம் வேண்டும். 2002 பெப்ரவரி 22 இல் போர்நிறுத்த ஒப்பந்தம் கைச்சாத்தானது. ஏப்ரலில் ஏ9 பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. ஆனாலும் ஓமந்தையில் லொறியிலிருந்து மூடைகளை இறக்கிச் சோதித்து மறுபடி ஏற்ற வேண்டியிருந்தது. அந்தக் கூலியும் காத்திருப்பும், அப்பால் கொடுத்த வரியும் விலைக்குள் புகுந்தன. இங்கே உறவு உயிரோடிருக்கிறது, மட்டம் மட்டும் உயர்ந்திருக்கிறது. போலி மாறிக்கு உண்மையான வேலை இருப்பது இப்படிப்பட்ட இடத்தில்தான். அப்போதும் ஒரு நுணுக்கம் உண்டு. கிலோவுக்கு இத்தனை ரூபா என்று நிலையாக ஏறும் செலவை, விலைகளை அப்படியே எடுக்கும் சமன்பாட்டின் மாறிலி பிடித்துக்கொள்ளும். விலையில் இத்தனை சதவீதம் என்று ஏறும் செலவை மடக்கைச் சமன்பாட்டின் மாறிலி பிடிக்கும். நீங்கள் காரணம் சொல்லாமல் மடக்கை எடுத்திருக்கிறீர்கள். இரண்டையும் செய்து பாருங்கள். முடிவு மாறினால் அதை மறைக்காமல் சொல்லுங்கள்.

திகதியை நாமே வைப்பதா, தரவைத் தேட விடுவதா என்பது இத்துறையில் பழைய வழக்கு. 1929 இன் பங்குச்சந்தை வீழ்ச்சியையும் 1973 இன் எண்ணெய் விலை அதிர்ச்சியையும் அறிந்த முறிவுகளாக வைத்தால், அலகு மூலம் உண்டு (அதாவது அலைந்து திரியும், ஒரு போக்குக்குத் திரும்பி வராது) என்று கருதப்பட்ட அமெரிக்கத் தொடர்களிற் பல உண்மையில் உடைந்த போக்கைச் சுற்றி நிலையாக இருக்கின்றன என்று பெரோன் 1989 இல் வாதிட்டார். தொடரைப் பார்த்துவிட்டுத் திகதியைத் தெரிந்தால் அது அறிந்த திகதி ஆகாது என்ற மறுப்பிலிருந்துதான் 1992 இல் சிவோட்–ஆண்ட்ரூஸ் சோதனையும், பிறகு கிரெகரி–ஹான்சனும் வந்தன. மறுப்பு நியாயமானது. ஆனால் வன்னியின் திகதிகள் விலைத் தொடரிலிருந்து பொறுக்கப்பட்டவை அல்ல. சோதனைச் சாவடியிலும் இடப்பெயர்விலும் இருந்து வந்தவை. அரிசி விலையே தெரியாத ஒருவரும் அந்தத் திகதிகளைச் சொல்லிவிடுவார். எனவே உங்கள் ஆய்வில் திகதிகளை வெளியிலிருந்து வைக்கலாம், வைக்கவும் வேண்டும் என்பது என் கருத்து. தேடும் சோதனையை ஒரு சரிபார்ப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே அறிந்த ஒன்றைத் தேடுவதற்குச் சோதனையின் வலுவைச் செலவழித்தால், −3.34 இலிருந்து −4.61 வரை எல்லை நகர்வதுதான் அதற்குரிய விலை.

ஆனால் எல்லா நிகழ்வும் முறிவாகிவிடாது. 2013 செப்ரெம்பரில் கிளிநொச்சிக்கு ரயில் மறுபடி வந்தது உண்மைதான். அரிசி லொறியில் போய்வருவதால் அதற்கொரு போலி மாறி கேட்பது மிகை. உங்கள் வரைபில் ஏழு போலி மாறிகளைக் கண்டேன். நான்கையாவது எடுத்துவிடலாம்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் 1998–2001 பகுதியைக் கைவிடுவேன். அது பொருளாதாரத் தடைக்காலம். அனுமதி பெற்று வரும் சரக்கின் விலை சந்தையைவிட அனுமதியையே அதிகம் காட்டும். கையில் இருப்பதையெல்லாம் சேர்த்தால் மாதிரி பெரிதாகும் என்ற ஆசை எல்லா மாணவர்களுக்கும் உண்டு. பொருந்தாத நான்கு வருடங்களால் பெரிதாகும் மாதிரி முடிவைப் பலப்படுத்தாது. 2002 மேயில் தொடங்குங்கள். 2006 யூலை வரை 51 மாதங்கள், 2006 ஓகஸ்ட் முதல் 2008 ஓகஸ்ட் வரை 25 மாதங்கள், பின்னர் இடைவெளி, 2010 யூலை முதல் 2019 டிசம்பர் வரை 114 மாதங்கள். கடைசித் துண்டில் மட்டும் முதலில், நீண்டகால உறவைத் தேடும் இன்னொரு சோதனையான யொஹான்சன் சோதனையைச் செய்யுங்கள். தடங்கலில்லாத பாதையில் உறவு தெரியாவிட்டால் மற்றத் துண்டுகளைச் சேர்த்துப் பயனில்லை. அங்கே தெரிந்தால், முதல் துண்டிலும் தனியாகப் பாருங்கள். 51 மாதங்களில் சோதனையின் வலு குறைவு என்பதால், உறவு தெரியவில்லை என்று வந்தால் அதை உறவு இல்லை என்று வாசித்துவிடக் கூடாது.

துண்டுகளைச் சேர்த்து ஒரே மாதிரியாக மதிப்பிட யொஹான்சன், மொஸ்கோனி, நீல்சன் மூவரும் 2000 இல் தந்த முறை உங்களுக்குப் பொருந்தும். அறிந்த திகதிகளில் மட்டமும் போக்கும் மாற அந்த முறை இடம் தருகிறது. அவர்கள் தந்த எல்லைக் கணிப்பு இரண்டு முறிவுகள், அதாவது மூன்று காலப்பகுதிகள் வரை செல்லும்; உங்களுக்கு இருப்பதும் மூன்றுதான். ஒவ்வொரு காலப்பகுதியின் தொடக்கத்திலும், மாதிரியில் எத்தனை தாமதங்கள் உண்டோ அத்தனை மாதங்களைத் தனித்தனிப் போலி மாறிகளால் ஒதுக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் 2008 ஓகஸ்டின் விலை 2010 யூலைக்கு முந்திய மாத விலையாகக் கணக்கிற்குள் நுழைந்துவிடும். முறிவுகள் மாதிரியின் எந்த விகிதத்தில் விழுகின்றன என்பதைப் பொறுத்து மாறுநிலைப் பெறுமானமும் மாறுவதால், பாடநூலின் பின்பக்க அட்டவணையை எடுத்து ஒப்பிடாதீர்கள். இன்னொன்று: இந்த முறையில் உறவின் சாய்வு மூன்று காலப்பகுதிகளுக்கும் ஒன்றேதான். நடுத்துண்டான 25 மாதங்களுக்கு அது பொருந்துமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. அதைச் சேர்த்தும் நீக்கியும் இரு தடவை செய்யுங்கள்.

அலகு மூலச் சோதனையில் அதிக நேரம் செலவழிக்க வேண்டாம். முறிவை விட்டுவிட்டுச் செய்யும் டிக்கி–ஃபுல்லர் சோதனை, நிலையான தொடரையும் அலகு மூலம் உள்ளதாகக் காட்டக்கூடும். சிவோட்–ஆண்ட்ரூஸின் சூனியக் கருதுகோளில் (சோதனை நிராகரிக்க முயலும் தொடக்க அனுமானத்தில்) முறிவுக்கு இடமில்லாததால், அதை நிராகரிப்பதன் பொருள் தெளிவற்றது. 2003 இல் லீ–ஸ்ட்ராசிசிச் தந்த சோதனை இரு பக்கமும் முறிவை அனுமதிக்கிறது. அதைக் கடைசித் துண்டில் செய்து ஒரு சிறிய அட்டவணை போட்டால் போதும். மாதப் போலி மாறிகளை மட்டும் மறக்க வேண்டாம். காலபோக அறுவடையும் சிறுபோக அறுவடையும் விலையை வருடாவருடம் இழுத்து இறக்குகின்றன. அதோடு, உங்கள் கிளிநொச்சி நிரலின் தலைப்பில் நாட்டரிசி என்றும் புறக்கோட்டை நிரலில் சம்பா என்றும் இருக்கிறது. ஒரே ரக விலை கிடைக்குமா என்று தேடுங்கள். இரு ரகங்களுக்கிடையிலான விலை வித்தியாசம் தானாகவே அலையக்கூடியது; அதன் அலைச்சலை நீங்கள் பாதையின் கணக்கில் எழுதிவிடுவீர்கள்.

முடிவுகளை வாசிக்கும்போது ஓர் எச்சரிக்கை. கிரெகரி–ஹான்சன் சோதனை சூனியக் கருதுகோளை நிராகரித்தாலும் முறிவு நிரூபணமாகிவிட்டது என்று எழுதக் கூடாது. அதன் சூனியக் கருதுகோள் உறவு இல்லை என்பது மட்டுமே. முறிவில்லாத சாதாரண உறவு இருந்தாலும் அது நிராகரிக்கும். உறவு மாறாமல் நின்றதா என்பதே உங்கள் கேள்வியானால், உறவு உண்டு, அது நிலையானது என்பதைச் சூனியக் கருதுகோளாகக் கொண்ட ஹான்சனின் 1992 சோதனை பொருத்தமானது. அதற்கும் மேலாக, வழுத் திருத்த மாதிரியின் சீராக்கல் குணகத்தை, அதாவது ஒரு விலகலில் எவ்வளவு பங்கு ஒரு மாதத்தில் சரியாகிறது என்பதை, எண்ணாகச் சொல்லுங்கள். உதாரணமாக அது −0.25 ஆக இருந்தால், ஒரு விலகலின் பாதி ஏறக்குறைய இரண்டரை மாதங்களில் மறைகிறது என்று பொருள். சீராகும் பக்கம் கிளிநொச்சியாக இருக்க வேண்டும். புறக்கோட்டை கிளிநொச்சியைப் பார்த்து நகர்கிறது என்று வந்தால் கணக்கை மறுபடி பாருங்கள்.

கடைசியாக, 2023 வரை நீட்டுவது பற்றி. 2021 மேயில் வந்த இரசாயன உர இறக்குமதித் தடையும், 2022 மார்ச்சில் ரூபாவை மிதக்க விட்டதும் பெரிய அதிர்ச்சிகள்தான். 200 ரூபாவை அண்டியிருந்த டொலர் மே மாதத்தில் 350 ஐத் தாண்டியது. ஆனால் அவை கிளிநொச்சியையும் கொழும்பையும் ஒருங்கே தாக்கின. இரு தொடர்களிலும் ஒரே அளவில் விழும் முறிவு, அவற்றின் வித்தியாசத்தில் தெரியாமலே போகலாம். வித்தியாசத்தைத் தொட்டிருக்கக்கூடியது எரிபொருள் தட்டுப்பாடு: டீசல் வரிசையில் நின்ற லொறியின் வாடகை. அதைத் தேடும் சோதனையால் பிடிக்க முடியாது. 1998 ஜனவரியிலிருந்து 2023 டிசம்பர் வரை 312 மாதங்கள். முனையில் 15 சதவீதம் என்றால் 47 மாதங்கள். தேடல் 2020 ஜனவரியோடு நின்றுவிடும், 2022 ஐ அது பார்க்கவே பார்க்காது. ஆகவே நீட்டுவதானால், 2010 யூலை முதல் 2019 டிசம்பர் வரையான சமன்பாட்டை மாற்றாமல் வைத்துக்கொண்டு, 2020 இன் பின் வந்த விலைகள் அதிலிருந்து எவ்வளவு விலகி எத்தனை மாதங்களில் திரும்பின என்பதைத் தனி அத்தியாயமாக எழுதுங்கள். சமர்ப்பிக்கும் திகதி நெருங்கிவிட்டதென்றால் 2019 உடன் நிறுத்திக்கொள்ளுங்கள். முதுமாணி ஆய்வேட்டுக்கு அது தாராளம்.